ஓவியரின் மடல்களும் தேயிலைமலைத் தமிழரும்: ஆவணக் காப்பு குறித்த ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்குச் செல்வோர் தவறாமல் படமெடுத்துக்கொள்ளும் காட்சி, மடிப்பு மடிப்பாக விரிந்து கிடக்கும் தேயிலைச் சரிவுகளாகும். அக்காட்சியின் அழகைப் பேசுவோர் பலர். காட்டை வெட்டிச் சரிவைத் திருத்திக் கன்று நட்டவர்கள் யாவர் என்று வினவுவோர் சிலர். வினவினாலும், அவர்களின் பெயரையும் ஊரையும் எண்ணத்தையும் அவர்கள் வாய்மொழியாகவே அறிந்துகொள்ளத்தக்க தாள்கள் எங்கே உள்ளன என்பதற்கு எளிதில் விடை கிடைப்பதில்லை.

ஒருவருடைய தாள்கள் எவ்வாறு வரலாற்று ஆவணமாகின்றன? இவ்வினாவுக்கு விடை காண, விக்டோரியா அரசியார் காலத்தில் (1837-1901) கீழ்த்திசை நாடுகளுக்கு வந்த ஆங்கில ஓவியர்களின் மடல்களையும் நாட்குறிப்புகளையும் இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. அவர்கள் தமிழகத்திலும் இலங்கையிலும் மலாய்த் தீவுக்கூட்டத்திலும் உலவியவர்கள். தேயிலை, காப்பித் தோட்டங்களைக் கண்டவர்கள். அவர்களுடைய தாள்கள் பிழைத்த முறையை அறிந்தால், நம் தோட்டத் தமிழரின் தாள்கள் மறைந்துவரும் காரணமும் அவற்றைக் காக்கும் வழியும் புலப்படும் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

1. மரியான் நார்த்தும் கியூ காப்பகமும்

மரியான் நார்த் 1830-இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தவர். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த தந்தை 1869-இல் மறைந்தபின், 1871 முதல் உலகின் பல பகுதிகளுக்கும் பயணம் செய்து, செடிகொடிகளை அவை வளரும் இடத்திலேயே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். 1876-இல் சிங்கப்பூர், சரவாக், ஜாவா ஆகிய இடங்களுக்கு வந்தார்; அதன்பின் இலங்கை சென்றார். 1877 முதல் 1879 வரை இந்தியாவில் சுற்றினார். சரவாக்கில் அவர் வரைந்த குடுவைத் தாவரம் ஒன்று தாவரவியலார்க்குப் புதியதாக இருந்தமையால் அவர் பெயராலேயே வழங்கலாயிற்று.

1879-இல் அவர், லண்டனுக்கு அருகிலுள்ள கியூ தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ஜோசப் ஹூக்கருக்கு மடல் ஒன்று எழுதினார். தம் ஓவியங்கள் அனைத்தையும் பூங்காவுக்கு அளிப்பதாகவும், அவற்றை வைப்பதற்குரிய கூடத்தையும் தம் செலவிலேயே கட்டித் தருவதாகவும் அம்மடலின் வழி முன்வந்தார். 1882-இல் திறக்கப்பட்ட அக்கூடத்தில் 800-க்கு மேற்பட்ட ஓவியங்கள் சுவர் தெரியாவண்ணம் நெருக்கமாக வைக்கப்பட்டுள்ளன. அவற்றின் கீழே, அவர் பயணங்களில் திரட்டிய 246 வகை மரங்களின் பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன. கூடத்தை வடிவமைத்தவர் ஜேம்ஸ் பெர்குசன். இந்தியக் கட்டடக் கலை வரலாற்றை எழுதித் திராவிடக் கோயில்களையும் அதில் வகைப்படுத்தியவர் என்ற முறையில் இவர் நம் துறையினர்க்கு அறிமுகமானவரே.

பார்வையாளர்க்குத் தேநீரோ காப்பியோ வழங்க ஏற்பாடு வேண்டும் என நார்த் விரும்பினார். ஹூக்கர் அதற்கு இசையவில்லை. நார்த் அதற்கு ஈடாகத் தேயிலைச் செடியையும் காப்பிச் செடியையும் வாயில்களின் மேற்புறத்தில் வரைந்து வைத்தார். பருகக் கிடைக்காத தேநீர் ஓவியமாக நிலைத்தது.

நார்த் 1890-இல் மறைந்தார். அவர் எழுதிவைத்திருந்த தன்வரலாற்றைத் தங்கை கேத்தரின் பதிப்பித்து, 1892-இல் இரண்டு தொகுதிகளாகவும் 1893-இல் மேலும் ஒரு தொகுதியாகவும் வெளியிட்டார். பதிப்பித்தல் என்பது குறைத்தலும் தேர்தலுமாகும். ஆகவே அச்சுநூலில் நாம் கேட்பது ஓவியரின் குரல் மட்டுமன்று. தங்கையின் தேர்வும் அதில் கலந்துள்ளது. இதனாலேயே, கியூ ஆவணக் காப்பகத்தில் உள்ள அவருடைய கையெழுத்து மடல்கள் ஆய்வாளர்க்கு இன்றியமையாதவை ஆகின்றன.

2. தஞ்சாவூருக்குச் சென்ற மடல்கள்

அம்மடல்களுள் தமிழாய்வாளர் கருதத்தக்கவை, ஆர்தர் கோக் பர்னெலுக்கு எழுதப்பட்டவையாகும். தஞ்சாவூரில் நீதிபதியாகப் பணியாற்றிய பர்னெல் (1840-1882), தென்னிந்திய எழுத்தியல் குறித்து 1874-இல் நூல் வெளியிட்டவர். 1875-இல் ஐந்திர இலக்கண மரபு பற்றிய ஆய்வை வெளியிட்டு, தொல்காப்பியத்தை அம்மரபோடு இணைத்துக் காட்ட முயன்றவர். அவருடைய முடிபை ஏற்பவரும் மறுப்பவரும் இன்றும் அவர் பெயரைக் குறிப்பிடாமல் செல்ல இயலாது. தஞ்சை அரண்மனையில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவரும் அவரே.

நார்த் தமிழகத்தில் பயணம் செய்தபோது தஞ்சாவூரில் பர்னெலைச் சந்தித்தார். இந்துக்கள் புனிதமாகப் போற்றும் செடிகள் பற்றிப் பர்னெல் கூறியவை ஓவியரின் உள்ளத்தில் பதிந்தன. அத்தகைய செடிகளைத் தேடி வரையவேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. அதன்பின் இருவருக்கும் இடையே மடல் தொடர்பு நீடித்தது. இவ்வாறு, துளசியும் வில்வமும் வேம்பும் வளர்ந்த ஒரு மண்ணின் வழக்காறு, ஒரு நீதிபதியின் புலமை வழியாக ஓர் ஓவியரின் மடலுக்குள் சென்று, கியூ நகரின் காப்பகத்தில் தங்கியது.

அப்பயணம் நிகழ்ந்த காலத்தையும் மறத்தலாகாது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பெரும்பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்று மக்கள் நினைவு இன்றும் குறிக்கிறது. அப்பஞ்சம் கடல் கடந்து பிழைக்கச் சென்றோரின் தொகையைப் பெருக்கியது. ஓவியர் பூக்களைத் தேடி வந்த ஊர்களிலிருந்தே உழவர்கள் சோறு தேடி வெளியேறிக்கொண்டிருந்தனர். ஓவியரின் மடல்கள் காப்பகத்தில் உள்ளன. உழவர்கள் தங்கள் ஊருக்குச் சொல்லி அனுப்பிய செய்திகள் எங்கே உள்ளன?

பர்னெல் மற்றொரு வகையிலும் நினைக்கத்தக்கவர். ஹென்றி யூலுடன் அவர் நடத்திய மடல் உரையாடலிலிருந்து வளர்ந்ததே, அவர் மறைவுக்குப்பின் 1886-இல் வெளிவந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம். அதில் 'கூலி' என்ற சொல்லுக்கும் இடமுண்டு. தமிழில் உழைப்புக்குரிய ஊதியத்தைக் குறிக்கும் அச்சொல், அயலார் வழக்கில் உழைக்கும் மனிதனுக்கே பெயரானது. ஊதியத்தின் பெயர் ஆளின் பெயரை விழுங்கிய இம்மாற்றமே தோட்டத் தொழிலாளரின் வரலாறு எழுதப்பட்ட முறைக்கும் ஓர் அடையாளமாகும்.

3. தலைப்பில் உள்ளவரும் இல்லாதவரும்

நார்த் 1876-இல் ஜாவாவில் வரைந்த ஓவியம் ஒன்றின் தலைப்பு, காரூட்டில் உள்ள ஹோல் என்பவரின் தோட்டத்தில் தேயிலை பறிக்கும் காட்சி எனப் பொருள்படும். ஹோல், டச்சு நாட்டுத் தோட்ட உரிமையாளர். சுண்டா மொழி ஆய்விலும் ஈடுபட்டவர். தலைப்பில் நாட்டின் பெயர் உண்டு. ஊரின் பெயர் உண்டு. உரிமையாளரின் பெயர் உண்டு. பயிரின் பெயர் உண்டு. பறிப்பவரின் பெயர் இல்லை. அவர் தொழிலாக மட்டுமே அத்தலைப்பில் நிற்கிறார்.

இதற்கு ஓவியரின் மனநிலையை மட்டும் காரணம் காட்டுவது வரலாற்று நோக்காகாது. ஓவியத்தை வாங்குவோர், காண்போர், அட்டவணைப்படுத்துவோர் ஆகிய அனைவரும் எதிர்பார்த்த செய்திகள் அவை. உரிமையாளர் ஓவியருக்கு விருந்தளித்தவர், ஆகவே அறிமுகமானவர். அறிமுகமானவர் பெயர் தாளில் ஏறுகிறது. அறிமுகமாகாதவர் பெயர் காற்றோடு போகிறது.

இலங்கையில் நிகழ்ந்த மற்றொரு செய்தியும் இதனை உறுதிப்படுத்தும். ஒளிப்படக் கலையில் புகழ்பெற்ற ஜூலியா மார்கரெட் கேமரன் 1875-இல் கணவருடன் இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். குடும்பத்திற்கு மலைநாட்டில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. இவருடைய பெயருக்கும் நம் கேமரன் மலையின் பெயருக்கும் தொடர்பு கற்பித்தல் கூடாது. நம் மலையின் பெயர் நில அளவையாளர் வில்லியம் கேமரனால் வந்தது. 1877-இல் களுத்துறையில் இருந்த ஜூலியாவின் இல்லத்தில் நார்த் தங்கினார். ஓவியரை ஒளிப்படக் கலைஞர் படமும் எடுத்தார்.

அவ்வில்லத்தில் கண்ட ஒரு பணியாளரைப் பற்றி நார்த் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். அம்மனிதரின் முதுகின் அமைப்பு சிற்பம்போல் இருந்ததைக் கண்டு வியந்த ஜூலியா, தோட்டமே இல்லாத வீட்டில் அவரைத் தோட்டக்காரராக அமர்த்தச் செய்தாராம். நகைச்சுவையாகச் சொல்லப்பட்ட செய்தி இது. ஆயினும், ஒரு மனிதரின் முதுகு ஆவணமாகி, முகமும் பெயரும் ஆவணமாகாமற்போன நிலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. ஜூலியா இலங்கையில் எடுத்த படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவானவை. களுத்துறைக் குடியானவர் எனக் குறிக்கப்பட்ட படம் ஒன்றில், சிறுமிக்கு 12 வயது என்றும் முதியவர் தம் வயது 100 எனக் கூறுகிறார் என்றும் குறிப்பு எழுதப்பட்டுள்ளது. வயதைக் கேட்டு எழுதிய கை, பெயரைக் கேட்டு எழுதவில்லை.

4. எட்வர்டு லியர்: படத்தின் மீது எழுதிய குறிப்பு

எட்வர்டு லியர் (1812-1888) நகைச்சுவைப் பாடல்களால் புகழ்பெற்றவர். தொழிலால் நிலக்காட்சி ஓவியர். இந்தியத் தலைமை ஆளுநர் நார்த்புரூக் பிரபுவின் அழைப்பின்பேரில் 1873 இறுதியில் இந்தியா வந்தார். 1874-இல் டார்ஜிலிங் சென்று கஞ்சன்ஜங்கா மலையை வரைந்தார். அதே ஆண்டில் மாமல்லபுரம், காஞ்சிபுரம், திருச்சிராப்பள்ளி, நீலகிரி எனத் தமிழகத்தில் சுற்றி, இறுதியில் இலங்கைக்கும் சென்றார். அவருடைய இந்தியப் பயண நாட்குறிப்பு அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்டன் நூலகத்தில் உள்ளது. 1953-இல் அதன் பகுதிகள் நூலாயின. 1858 முதல் இறக்கும்வரை அவர் எழுதிய 30 நாட்குறிப்பு ஏடுகளும் அங்கேயே உள்ளன.

லியரின் வரைபடங்களில் ஆய்வாளர்க்குப் பெரிதும் பயன்படுவது, அவற்றின்மேல் அவர் கைப்பட எழுதிய குறிப்புகளாகும். இடம், நாள், நேரம், இன்ன பகுதிக்கு இன்ன வண்ணம் என்பனவற்றை வரைந்த தாளிலேயே எழுதிவைத்தார். பின்னாளில் வண்ணம் தீட்டுவதற்காகச் செய்த இவ்வேலை, படத்தையே நாளிட்ட சான்றாக மாற்றிவிட்டது. குறிப்பில்லாத படம் அழகு மட்டுமே. குறிப்புள்ள படம் வரலாறாகும்.

லியருடன் பல்லாண்டுகள் பயணம் செய்த பணியாளர் ஜியோர்ஜியோ கோக்காலி அவருடைய நாட்குறிப்புகளில் பெயருடன் இடம்பெறுகிறார். அவருடைய நலமும் நோயும் அங்கே பதிவாகின்றன. பணியாளர் என்பதால் பெயர் மறைந்துவிடவேண்டும் என்பது விதியன்று. எழுதுபவர் ஒருவர் அருகிருந்து பெயரைக் குறித்தால் அது நிலைக்கிறது.

5. இலங்கைக் காப்பியிலிருந்து கேமரன் மலைத் தேயிலைக்கு

நார்த்தும் லியரும் இலங்கையைக் கண்ட காலத்தில் அங்குக் காப்பிப் பயிர் அழிவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. 1869-இல் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் தோட்டங்களைப் பாழாக்கியது. 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலைப் பயிர் அவ்விடத்தை நிரப்பியது. காப்பியால் நொடித்த தோட்டத் துரைமார் சிலர் மலாயாவுக்கு வந்தனர். கங்காணி முறையும் அவர்களோடு வந்தது. அம்முறையின் வழி வந்த தமிழர் முதலில் காப்பியிலும் பின்னர் ரப்பரிலும் உழைத்தனர்.

வில்லியம் கேமரன் நம் மலைப்பகுதியை 1885-இல் கண்டறிந்தார். மரியான் நார்த் தம் இறுதிப் பயணத்தை முடித்த ஆண்டும் அதுவே. கேமரன் கண்ட மேட்டுநிலம் நிலப்படத்தில் தெளிவாகக் குறிக்கப்படாமையால், அதனை மீண்டும் தேடிக் காண நெடுங்காலம் ஆயிற்று. தாள் ஒன்று இல்லாமற்போனால் ஒரு மலையே நாற்பது ஆண்டுகள் மறைந்திருக்கக்கூடும்! 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அப்பகுதிக்குச் சென்று வந்தபின் வளர்ச்சிப் பணிகள் தொடங்கின. 1929-இல் ஜே. ஏ. ரசல், இலங்கைத் தேயிலைத் தொழிலில் பட்டறிவு மிக்க ஏ. பி. மில்னுடன் சேர்ந்து போ தோட்டத்தை உருவாக்கினார். 1933-இல் பாரத் தேயிலை நிறுவனம் தோன்றியது.

1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அதே காலத்தில் இம்மலையில் காடு வெட்டித் தேயிலை நடப்பட்டது. 1938-இல் இந்திய அரசு உதவிபெற்ற குடிபெயர்வைத் தடை செய்தது. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி நிலவியது. 1948-இல் அவசரகாலம் தொடங்கி 1960 வரை நீடித்தது. இவை ஒவ்வொன்றும் குடும்பங்களைப் பிரித்தன; பிரிந்தோர் மடல் எழுதினர். ஆகவே, இம்மலைத் தமிழரிடம் மடல்களே இருந்ததில்லை எனக் கருதுதல் பொருந்தாது. இருந்தவை காக்கப்படவில்லை என்பதே உண்மைக்கு அணித்தாகும்.

6. தகரப்பெட்டியும் காப்பகமும்

மேற்கூறிய ஓவியர்களின் தாள்கள் பிழைத்தமைக்கு மூன்று காரணங்களைக் காணலாம். முதலாவது, மடலைப் பெற்றவர் அதனைக் கிழித்தெறியாமல் வைத்திருந்தார். இரண்டாவது, எழுதியவர் மறைந்தபின் குடும்பத்தார் அல்லது நண்பர் அவற்றைத் திரட்டினர். மூன்றாவது, ஒரு நிறுவனம் அவற்றை ஏற்று, எண்ணிட்டு, அட்டவணை செய்து, கேட்போர்க்குக் காட்டியது. இம்மூன்று கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் சங்கிலி இல்லை. தோட்டத் தமிழரிடையே முதற்கண்ணி பல இல்லங்களில் இன்னும் அறாமல் உள்ளது. தாத்தாவின் தகரப்பெட்டியே அதற்குச் சான்று. அறுந்திருப்பவை பிற இரண்டுமாகும்.

அப்பெட்டிகளில் காணத்தக்கவை யாவை? ஊரிலிருந்து வந்த அஞ்சலட்டைகள், நீல நிற வான்மடல்கள், பணவிடைச் சீட்டுகள், சிவப்பு அடையாள அட்டைகள், குடியுரிமைச் சான்றிதழ்கள், 1954-இல் அமைந்த தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர் அட்டைகள், மாரியம்மன் திருவிழா அறிவிப்புகள், கோயில் வரவுசெலவுக் குறிப்பேடுகள், கங்காணியின் ஆள்கணக்குப் புத்தகங்கள் முதலியன. இவற்றை வெறும் பழந்தாள் எனத் தள்ளுதல் தகாது. பெயரும் ஊரும் நாளும் உறவும் ஒருங்கே அமைந்த சான்றுகள் இவை.

இங்கு எச்சரிக்கை ஒன்றும் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளர்க்குக் கிராணியோ ஆசிரியரோ மடல் எழுதிக்கொடுப்பது தோட்ட வழக்கம். ஆகவே அம்மடலில் இரு குரல்கள் உள்ளன: சொன்னவர் குரல் ஒன்று; எழுதியவர் நடை மற்றொன்று. 'நலம், நலமறிய ஆவல்' போன்ற வாய்பாட்டுத் தொடர்களுக்கு அப்பால், சொன்னவரின் பேச்சு எங்கே வெளிப்படுகிறது எனத் தேடிப் படித்தல் வேண்டும். நார்த்தின் குரலைத் தங்கையின் பதிப்பிலிருந்து பிரித்தறிய முயலும் அதே நெறியே இதற்கும் பொருந்தும்.

தமிழாசிரியர்கள் இப்பணியில் முன்னிற்க வல்லவர்கள். தோட்டப் பள்ளிகளின் பழைய சேர்க்கைப் பதிவேடுகள் பெற்றோர் பெயரையும் தொழிலையும் காட்டும் அரிய ஆவணங்களாகும். மாணவர் தம் இல்லத்திலுள்ள பழைய படமொன்றைக் கொணர்ந்து, அதிலுள்ளவர் யார், எந்த ஆண்டு, எந்த வயல், எவர் எடுத்தார் எனப் பாட்டியிடம் கேட்டு எழுதிவரச் செய்யலாம். லியர் தம் வரைபடத்தின்மேல் செய்ததும் இதுவேயன்றி வேறில்லை. மூலத்தை உரிமையுடையாரிடமே விட்டு, அதன் படியை எடுத்து, இசைவு பெற்ற பின்னரே பொதுப்பார்வைக்கு வைத்தல் முறையாகும். மடலில் குடும்பத்தின் துயரும் கடனும் பூசலும் இருக்கக்கூடும். ஆய்வின் பெயரால் அவற்றை அம்பலப்படுத்துதல் அறமன்று.

பல்கலைக்கழகத்தின் பங்கு மூன்றாவது கண்ணியாகும். இப்பணி நம் துறைக்குப் புதியதன்று. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை தாங்கிய தனிநாயகம் அடிகளார், ஐரோப்பிய நூலகங்களில் தமிழ் ஏடுகளைத் தேடியவர். 1679-இல் அச்சான புரோயென்சாவின் தமிழ்-போர்ச்சுகீசிய அகராதியை வத்திக்கானிலிருந்து வெளிக்கொணர்ந்து, 1966-இல் கோலாலம்பூரில் மறுபதிப்பாக வெளியிட்டவர் அவரே. வத்திக்கானில் உறங்கிய ஏட்டைத் தேடிச் சென்ற துறை, தாப்பாவிலிருந்து மலையேறினால் எட்டக்கூடிய பெட்டிகளைத் திறவாதிருத்தல் தகுமா?

முடிவுரை

விக்டோரியா கால ஓவியர்களின் மடல்கள், அவர்கள் பெரியவர்கள் என்பதனால் மட்டும் நிலைக்கவில்லை. வைத்திருக்கவும், திரட்டவும், அட்டவணை செய்யவும் ஆட்கள் இருந்தமையால் நிலைத்தன. அவற்றைத் தமிழாய்வாளர் பயிலுதல் வேண்டும். தஞ்சையும் களுத்துறையும் காரூட்டும் அவற்றில் உள்ளன. எனினும், அவற்றில் பெயர் பெறாதவர்களின் பெயரை அத்தாள்களே நமக்குத் தர இயலாது.

கேமரன் மலைத் தேயிலையின் வரலாறு ஒரு நூற்றாண்டை நெருங்குகிறது. முதல் தலைமுறை மறைந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை முதுமையில் உள்ளது. மூன்றாம் தலைமுறையினர் பலர் நகரங்களுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். கொழுந்து கொய்யும் பணியில் இன்று அயல்நாட்டுத் தொழிலாளர் மிகுதியாக உள்ளனர். லயத்து வீட்டைக் காலி செய்யும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது பழைய தாள்களே. கியூ கூடத்தின் வாயிலில் தேயிலைச் செடி வரையப்பட்டு நூற்றாண்டுக்கு மேலாகியும் அழியாதிருக்கிறது. அச்செடியின் கொழுந்தைக் கிள்ளிய நம் பாட்டியர் பெயர் ஒரு பட்டியலிலேனும் ஏறவேண்டும். அதற்குரிய காலம் இன்னும் சில ஆண்டுகளே.